அர்ச்சாவதாரமும் ஏலக்கூடமும்

ஸ்ரீ:

உற்சவ காலத்தில் திருக்கோயிலுக்கு வரும் ஸேவார்த்திகளின் கண்ணும் கருத்தும் எம்பெருமானின் திருவீதிப் புறப்பாட்டிலேயே பதிந்திருக்கும். மூலவர் தம் ஸ்தானத்தை விட்டு அசையாதவர். நடக்க இயலாத முதியவரும், நோயுற்றுப் படுத்திருப்பவரும், வேலையை விட்டு வர முடியாதவரும் தத்தம் வாசலிலிருந்தே ஸேவிக்கும்படி வீதிக்கு எழுந்தருள்பவர் உற்சவர். வைகானஸ ஆகமம் துருவம், கௌதுகம், ஸ்நபனம், உத்ஸவம், பலி என ஐந்து பேரங்களை வகுத்துக் கூறுகிறது. இவற்றுள் துருவ பேரம் அசலம். உத்ஸவ பேரமோ அடியார் தோளில் எழுந்தருளத் தக்க அளவில், பெரும்பாலும் பஞ்சலோகத்தில் வார்க்கப்படுவது. அடியாரைத் தேடி வருவதற்காக எம்பெருமான் ஏற்றுக்கொண்ட இந்த எளிமையே கள்வனுக்கும் வாய்ப்பாக அமைந்துவிட்டது. தோளில் எழுந்தருளச் செய்யக் கூடியதைச் சாக்கில் கட்டித் தூக்கிச் செல்லவும் கூடும் அன்றோ?

கடந்த பல ஆண்டுகளில் தமிழகத்துச் சிற்றூர்க் கோயில்களிலிருந்து மறைந்த திருமேனிகள் பல, கடல் கடந்த நாடுகளின் ஏலக்கூடங்களிலும் கலைக்கூடங்களிலும் காணப்பட்டன. சில மீண்டு வந்தன. பலவற்றின் பீடங்கள் இன்றும் வெறுமையாக உள்ளன. ஒரு நாட்டின் பண்பாட்டுச் செல்வத்தை விலை கூறி விற்கலாமா, விற்கப்பட்டதை விலை கொடுத்து மீட்கலாமா, மீட்டதை எங்கே வைத்துக் காப்பது என்னும் மூன்று வினாக்களையும் ஸம்பிரதாய வரலாற்றின் துணை கொண்டும், அண்மைக் கால நிகழ்ச்சிகளைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடையவனும் உடைமையும்

பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளுள் அர்ச்சை ஒன்றே எக்காலத்தவர்க்கும் எவ்விடத்தவர்க்கும் கண்ணுக்கு இலக்காவது. இந்நிலையில் ஸர்வேஸ்வரன் தன் ஸ்வாதந்திரியத்தை மறைத்துக்கொண்டு அர்ச்சக பராதீனனாக இருக்கிறான் என்பது ஆசார்யர்கள் தெளிவாக உபதேசித்த பொருள். திருமஞ்சனமும், அமுதும், சயனமும் அடியார் இட்ட வழக்கு. ஆகவே திருமேனி களவு போயிற்று என்றால், “தன்னையே காத்துக்கொள்ளாத தெய்வம் ஊரை எங்ஙனம் காக்கும்?” என்று கேட்பதில் பொருளில்லை. காக்கும் பொறுப்பை அவன் அடியாரிடம் ஒப்படைத்திருக்கிறான். தவறியது அவன் காவல் அன்று. அவனைக் காக்க வேண்டியவர்களின் காவல்.

இந்த ஸித்தாந்தத்திற்கு இசைவான கொள்கை ஒன்று பாரத நாட்டுச் சட்டத்திலும் உண்டு. பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வத் திருமேனி, சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் தகுதியுள்ள சட்டப்படியான ஒரு நபர் என்பதே அது. 1925-இல் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழக்கில், குலதெய்வத் திருமேனியை வெறும் பொருளாகக் கருதி உரிமையாளர் விருப்பப்படி இடம் மாற்றலாகாது என்று லண்டன் பிரிவி கௌன்ஸில் தீர்ப்பளித்தது. நிலமும் நகையும் பாத்திரமும் தெய்வத்தின் உடைமைகள். தெய்வமோ அவற்றை உடையவர். தர்மகர்த்தாவும் அர்ச்சகரும் கைங்கரியபரர்களே அன்றி உரிமையாளர் அல்லர். தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு விற்க இயலாது. எனவே ஏலக்கூடத்தில் ஓர் உற்சவ மூர்த்திக்கு விலை கூறப்படும்போது, உடையவனையே உடைமையாக்கும் விபரீதம் நிகழ்கிறது.

ஏலம் நடக்கும் முறை

ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முன்பே அழகிய வண்ணப் படங்களுடன் பட்டியல் நூல் ஒன்றை வெளியிடுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஏறத்தாழ எவ்வளவு விலை போகும் என்ற மதிப்பீடு, காலம், உயரம், உலோகம் ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். அப்பொருள் யார் யார் கைமாறி வந்தது என்னும் பூர்வ வரலாறும் சில வரிகளில் காணப்படும். திருட்டு மறைந்திருப்பது இந்தச் சில வரிகளிலேதான். ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பிலிருந்து’ என்று பெயரும் ஊரும் இன்றி எழுதிவிட்டால், அதற்கு முன் அது எந்தக் கோயிலில் இருந்தது என்ற வினா எழாமலே போய்விடும். ஏலம் கூறுபவர் சுத்தியலை ஒரு தட்டுத் தட்டியதும் விற்பனை முடிகிறது. அந்த ஒலிக்குப் பிறகு திருட்டுப் பொருளுக்கும் ஒரு ரசீது பிறந்துவிடுகிறது. அடுத்த விற்பனையில் அந்த ரசீதே பூர்வ வரலாறாகக் காட்டப்படும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. தொல்பொருள்களை அனுமதியின்றி ஏற்றுமதி செய்வது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. பின்னர் இயற்றப்பட்ட 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தொல்பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாத அரிய சுவடிகளையும் மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்பது அதன் ஸாரம். பண்பாட்டுச் செல்வங்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவாயிற்று. இந்தியா அதனை 1977-இல் ஏற்றது. எனினும் அவ்வுடன்படிக்கை தனக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளைப் பின்னோக்கிக் கட்டுப்படுத்துவதில்லை. மேலும், நல்லெண்ணத்துடன் வாங்கியவரிடம் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டால் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும் என்பது இங்கிலாந்தின் சட்டம். பூட்டை உடைத்தவனுக்குக் காலம் துணை நிற்கும் இத்தகைய இடங்களில், சான்று ஒன்றே கோயிலுக்குத் துணை.

முன்னோர் காட்டிய வழி

திருமேனிகளுக்கு ஆபத்து வருவது புதியதன்று. மரீசி மஹரிஷி அருளிய விமானார்ச்சன கல்பம் இதற்கென்றே ஒரு விதியை வகுத்திருக்கிறது. பகைவராலோ கள்வராலோ அச்சம் நேரும்போது, பேரத்திலுள்ள சக்தியை முறைப்படி மாற்றி ஆவாஹனம் செய்து, திருமேனியைப் பூமிக்குள் மணலிட்டு மறைத்து, அச்சம் நீங்கியபின் மீண்டும் எழுந்தருளப் பண்ணி ஸம்ப்ரோக்ஷணம் செய்ய வேண்டும் என்பது அவ்விதி. இன்றும் ஏர் உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் வெளிப்படும் திருமேனிகள் பல இவ்வாறு பயபக்தியுடன் மறைக்கப்பட்டவையே. அவை கேட்பாரற்ற புதையல் அல்ல.

திருவரங்கத்து வரலாறு அனைவரும் அறிந்ததே. 1323-இல் டில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசார்யர் தம் முதிர்ந்த வயதில் அழகியமணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். வழியில் ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு அலங்கரித்தார். ஸ்ரீ வேதாந்த தேசிகனோ, ஸ்ரீபாஷ்யத்தின் உரையாகிய ச்ருதப்ரகாசிகைச் சுவடியையும் அதன் ஆசிரியரான ஸுதர்சன ஸூரியின் இரு குமாரர்களையும் பிணக்குவியலுக்கு இடையே மறைந்திருந்து காத்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. ஒருவர் திருமேனியைக் காத்தார். மற்றவர் ஓலையைக் காத்தார். பண்பாட்டுச் செல்வம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

பெருமாள் பல தேசங்கள் கடந்து, திருமலையிலும் செஞ்சியிலும் தங்கி, விஜயநகரத்துக் கோபணார்யரால் 1371-இல் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளினார். இதனைக் குறிக்கும் வடமொழிக் கல்வெட்டு கோயிலிலேயே உள்ளது. அப்போது ஓர் இடர் எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி அங்கே ஆராதிக்கப்பட்டு வந்தமையால், வந்தவரே பழைய பெருமாள் என்பதற்குச் சான்று யாது என்று வினவினர். ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. முன்பு ஸேவித்தவர்கள் எவரும் எஞ்சவில்லை. பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்து வந்த கிழவர் ஒருவர் மட்டும், கண்பார்வை இழந்த நிலையில் இருந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தபோது, அதன் மணத்தாலும் சுவையாலும் உண்மையை உணர்ந்து ‘இவரே நம்பெருமாள்’ என்று அவர் அறுதியிட்டதாக ஐதிஹ்யம். அரசனும் பண்டிதரும் தீர்க்க இயலாத வழக்கை ஒரு கைங்கரியபரரின் பழக்கம் தீர்த்தது. தினமும் நெருங்கித் தொண்டு செய்பவனே மெய்யான சாட்சி என்பது இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

காஞ்சிபுரத்து வரதராஜனும் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி உடையார்பாளையத்துக்கு எழுந்தருளினார். அச்சம் நீங்கிய பின்னும், பெருமாளிடம் ஈடுபட்டுவிட்ட பாளையத் தலைவர் அவரைத் திருப்பி அனுப்ப மனம் கொள்ளவில்லை. ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும் தோடர்மல்லரின் துணையாலும் 1710-இல் பெருமாள் காஞ்சிக்கு மீண்டதைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. மேல்கோட்டையிலோ, டில்லி அரண்மனையில் சுல்தானின் மகள் செல்லமாக வைத்திருந்த ராமப்ரியனை எம்பெருமானார் சென்று அழைக்க, பெருமாள் தாமே அவர் மடியில் வந்து அமர்ந்தார் என்பர். பிரிவாற்றாது பின்தொடர்ந்து வந்த அப்பெண் பீபீ நாச்சியார் என்னும் பெயருடன் பெருமாள் திருவடியில் இடம் பெற்றாள்.

இவ்விரு வரலாறுகளிலும் ஒரு நுட்பம் உண்டு. வைத்திருந்தவர் பகைவர் அல்லர், அன்பு கொண்டவர்களே. ஆயினும் அன்பு மட்டுமே உரிமை ஆகிவிடாது என்று பெருமாள் தம் ஸ்தானத்திற்கே மீண்டார். அதே வேளையில் அன்பு செய்தவளை ஸம்பிரதாயம் அவமதிக்கவும் இல்லை. எம்பெருமானார் சுல்தானிடம் விலை பேசவில்லை. உறவைச் சொல்லி அழைத்தார். இம்மூன்றும் இன்றைய நிலைக்கும் வழிகாட்டுவன.

அண்மையில் மீண்ட பெருமான்கள்

மயிலாடுதுறை மாவட்டம் ஆனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து 1978-இல் ராமர், லக்ஷ்மணர், ஸீதாப் பிராட்டி ஆகிய விஜயநகர காலத்துத் திருமேனிகள் களவாடப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவை லண்டனில் ஒருவரிடம் இருப்பது கண்டறியப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இல் அக்கோயிலில் எடுத்த நிழற்படங்களே சான்றாக நின்றன. படத்தையும் திருமேனியையும் ஒப்பிட்டுக் காட்டியபோது மறுப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. வைத்திருந்தவர் இசைந்து ஒப்படைத்தார். 2020 செப்டம்பரில் லண்டன் இந்தியத் தூதரகத்திலும், அதே ஆண்டு நவம்பரில் தமிழக அதிகாரிகளிடத்திலும் மூவரும் சேர்ப்பிக்கப்பட்டனர். பதினான்கு ஆண்டு வனவாசத்தை விட இந்த வனவாசம் மும்மடங்கு நீண்டதாயிற்று.

அரியலூர் மாவட்டம் பொட்டவெளி வெள்ளூர் வரதராஜப் பெருமாள் கோயிலில் 2012-இல் களவு போன ஆஞ்சநேயர், புகழ்பெற்ற ஏல நிறுவனம் ஒன்றின் வழியாக 37,500 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டு ஆஸ்திரேலியாவை அடைந்தார். வாங்கியவர் அது திருட்டுப் பொருள் என்பதை அறியாதவர். இங்கும் பிரெஞ்சு நிறுவனத்தார் 1961-இல் எடுத்த படமே அடையாளம் காட்டியது. 2022 பிப்ரவரியில் ஆஞ்சநேயர் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டார்.

திருமங்கையாழ்வாரின் நிலை இன்னும் உருக்கமானது. கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள் கோயில் ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியில் ஆழ்வாரின் செப்புத் திருமேனி 1957-இல் படம் பிடிக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1967-இல், லண்டன் ஏலம் ஒன்றில் அதனை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வாங்கியது. 2019-இல் ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய படத்தைச் சுட்டிக் காட்டியதும், அருங்காட்சியகமே முன்வந்து இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவித்தது. 2024 மார்ச்சில் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு திருமேனியைத் திருப்பியளிக்க இசைந்தது. வழிப்போக்கரை மறித்து, முடிவில் எம்பெருமானையே மறித்து மந்திரம் பெற்ற ஆழ்வார், தாமே களவாடப்பட்டு அயல் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்க நேர்ந்தது விந்தையே.

சைவ ஆலயத்தைச் சேர்ந்ததாயினும் பத்தூர் நடராஜர் வழக்கை ஈண்டுக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1976-இல் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்டு, விற்கப்பட்டு, லண்டனை அடைந்த அத்திருமேனிக்காக அங்கேயே வழக்கு நடந்தது. பாழடைந்து கிடந்த கோயிலாயினும் வழக்காடும் உரிமை அக்கோயிலுக்கு உண்டு என்று 1991-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது, நடராஜர் மீண்டார். மேற்கூரை விழுந்தாலும் கோயிலின் உரிமை விழுவதில்லை என்பது உலகறிய நிலைநாட்டப்பட்டது.

விலை கொடுத்து மீட்கலாமா?

2009-இல் நியூயார்க்கில் மகாத்மா காந்தியின் மூக்குக்கண்ணாடி, கடிகாரம், காலணி முதலியவை ஏலத்திற்கு வந்தபோது, இந்தியத் தொழிலதிபர் ஒருவர் 18 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். 2025 ஏப்ரலில் நாகபுரி ரகூஜி போன்ஸ்லேயின் வாளை மகாராஷ்டிர அரசு லண்டன் ஏலத்தில் 47.15 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது. பரிசாகவோ விற்பனையாகவோ பலர் கைமாறிய இத்தகைய நினைவுப் பொருள்கள் ஏலத்திற்கு வரும்போது, வாங்குவது ஒருவேளை தக்கதாகலாம்.

பிப்ராவா மணிகளின் நிலை இதனினும் சிக்கலானது. உத்தரப் பிரதேசத்தில் 1898-இல் ஒரு ஸ்தூபத்தைத் தோண்டியபோது, புத்தரின் அஸ்தி என்று போற்றப்படும் எச்சங்களுடன் வைக்கப்பட்டிருந்த மணிகளும் பொன் அணிகளும் வெளிப்பட்டன. பெரும் பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு பகுதி அகழ்ந்தவரின் குடும்பத்தில் தங்கியது. அப்பகுதி 2025 மே மாதத்தில் ஹாங்காங்கில் ஏலத்திற்கு அறிவிக்கப்பட்டது. பாரத அரசு சட்டப்படி எதிர்ப்பு அறிவிப்பு அனுப்பவே ஏலம் நிறுத்தப்பட்டது; ஜூலை இறுதியில் இந்தியத் தொழிற்குழுமம் ஒன்று அவற்றைப் பெற, மணிகள் தாயகம் சேர்ந்தன. பௌத்தர்களுக்கு அவை அணிகலன்கள் அல்ல. தங்கள் ஆசானின் திருமேனியோடு ஒன்றியவை. வழிபாட்டுக்கு உரியதை விலைப்பட்டியலில் கண்டபோது அவர்கள் அடைந்த வேதனை, வெற்றுப் பீடத்தைக் காணும் வைஷ்ணவனுக்கு விளங்காமல் போகாது.

ஆயினும் கோயிலிலிருந்து களவாடப்பட்ட அர்ச்சா மூர்த்தியை விலை கொடுத்து மீட்பது பொதுவிதியாகலாகாது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, விலை கொடுத்தல் என்பது விற்றவனின் உரிமையை ஒப்புக்கொள்வதாக முடியும். இரண்டாவது, எந்த விலை கொடுத்தும் மீட்பார்கள் என்று தெரிந்தால் அடுத்த பூட்டு உடைபடும். ஒரு மூர்த்தியை மீட்கக் கொடுத்த பொருள் பத்து மூர்த்திகளுக்கு ஆபத்தாக முடியலாம். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்காக ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலர் கொடுத்திருந்தும், களவு வெளிப்பட்டபின் 2014-இல் இந்தியா விலையின்றியே அவரைப் பெற்றது. சான்றும் சட்டமும் பொறுமையும் இருந்தால் பொன் வேண்டுவதில்லை. கடத்தப்படும் தொல்பொருள்களைத் தடுத்து மீட்பதை எளிதாக்க, 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் உடன்பாடு செய்துகொண்டுள்ளன.

மறுதரப்பாரின் கூற்று

“அருங்காட்சியகங்கள் வாங்கியதனால்தான் இவை அழியாமல் இருக்கின்றன, சோழர் கலையின் பெருமையை உலகம் அறிந்தது, பாழ்மண்டபத்தில் வௌவாலுக்கிடையே கிடப்பதை விடக் கண்ணாடிப் பேழை மேலன்றோ?” என்பாரும் உளர். இக்கூற்றை முழுவதும் தள்ளிவிட இயலாது. வெளிநாட்டு அறிஞர்கள் பலர் பக்தியோடு ஒப்பிடத்தக்க கவனத்துடன் இவற்றை ஆராய்ந்துள்ளனர். பழைய படங்களை எடுத்துக் காத்ததும் பிரெஞ்சு நிறுவனத்தாரே. தவறு தெரிந்தவுடன் தாமே அறிவித்த அருங்காட்சியகத்தின் நேர்மையும் போற்றத் தக்கது. பீபீ நாச்சியாரை மதித்த ஸம்பிரதாயம் இவர்களையும் மதிக்கக் கடமைப்பட்டதே.

எனினும் பேழைக்குள் இருப்பது உலோகமும் அழகும் மட்டுமே. விளக்கில்லை, துளஸியில்லை, நித்யாராதனம் இல்லை, திருநக்ஷத்திரம் இல்லை. ஆண்டுதோறும் தைலக்காப்பும் திருமஞ்சனமும் கொண்டருளிய திருமேனிக்கு வெப்பநிலை காக்கும் கருவி ஈடாகாது. அன்றியும், களவைத் தூண்டுவது வாங்குவோர் இருப்பதே. காப்பாற்றுகிறோம் என்று வாங்கியவர் கொடுத்த பணமே அடுத்த கோயிலின் கதவைத் திறக்கச் செய்தது என்பதை மறுக்க இயலாது. முன்னொரு காலத்தில் காஞ்சி வரதனுக்கு அடைக்கலம் தந்த அதே உடையார்பாளைய வட்டாரத்தில், சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து 2008-இல் மூர்த்திகள் களவாடப்பட்டு நியூயார்க் வரை சென்றன. அந்நகரத்துக் கலைப்பொருள் வணிகர் ஒருவருக்கு அவ்வட்டாரத்து வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

மீண்ட பின் எங்கே?

இதுவே மூன்று வினாக்களுள் கடினமானது. களவுக்கு அஞ்சிச் சிற்றூர் உற்சவ மூர்த்திகள் பல, அறநிலையத் துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. பிரம்மோத்ஸவ நாள்களில் ஊருக்கு எழுந்தருளப் பண்ணி, பின் திரும்பக் கொண்டு சேர்ப்பதும் உண்டு. லண்டனில் கண்ணாடிக்குள் இருந்தால் வருந்தும் ஆஸ்திகர்கள், இங்கே இரும்புக் கதவுக்குள் இருப்பதை எண்ணி ஆறுதல் அடையலாமா என்று கேட்பவர்க்கு விடை கூறுதல் எளிதன்று. பூட்டும் காவலும் இல்லாத இடத்தில் பெருமாளை வைத்துவிட்டு, அவர் மறைந்தபின் அழுவதும் பக்தியன்று.

ஆகமம் இதற்கும் வழி கூறியிருக்கிறது. மறைத்து வைப்பது ஆபத்துக் காலத்து தர்மம். அச்சம் நீங்கியதும் எழுந்தருளப் பண்ணுவது அதன் பிற்பகுதி. முற்பகுதியைச் செய்தவர்கள் பிற்பகுதியை மறக்கலாகாது. ஆகவே பாதுகாப்பு மையம் இடைவழித் தங்குமிடமே அன்றி ஸ்தானமாக மாட்டாது. அந்தந்த ஊர் மக்கள் வலிய கதவும், எச்சரிக்கை மணியும், இரவுக் காவலும், இவை அனைத்தினும் மேலாக ஒருகால பூஜையேனும் தவறாத ஏற்பாடும் செய்தபின், தங்கள் பெருமாளைத் தர வேண்டும் என்று விண்ணப்பிப்பதே முறை. கள்வர் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் மாலையில் விளக்கு எரியாத கோயில்களே. ஸ்ரீபுரந்தானிலும் பூஜையின்றிப் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்தே திருமேனிகள் மறைந்தன. எவரும் கவனிக்காத இடத்தில் களவு நடந்ததே பல காலம் தெரியாமல் போகிறது.

ஆஸ்திகர்கள் செய்யத் தக்கவை

முதலாவது, பதிவு. ஒவ்வொரு கோயிலிலும் உள்ள திருமேனிகளின் உயரம், திருக்கரங்களின் அமைப்பு, ஆயுதங்கள், பீடத்தின் வடிவம், எழுத்துப் பொறிப்பு, பழைய பழுதின் தழும்பு ஆகியவற்றை எழுதி, நாற்புறமும் நிழற்படம் எடுத்து, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றைத் துறை அலுவலகத்திலும் வைக்க வேண்டும். உற்சவரைப் படம் எடுக்கலாகாது என்று தயங்கும் பெரியோர் உண்டு. அத்தயக்கம் பக்தியால் பிறந்ததே. ஆனால் வேடிக்கைக்கும் வியாபாரத்துக்கும் எடுக்கும் படம் வேறு. அடையாளத்துக்காக எடுத்துப் பூட்டி வைக்கும் படம் வேறு. 1958-இல் ஆனந்தமங்கலத்துப் பெரியோர் கதவை மூடியிருந்தால், ராமபிரான் தமக்குரியவர் என்று அவ்வூரார் நிரூபிக்க வழியே இருந்திராது. அன்று ஈர ஆடையின் தீர்த்தம் செய்த பணியை இன்று படம் செய்கிறது.

இரண்டாவது, உழவிலும் அஸ்திவாரத்திலும் திருமேனியோ செப்பேடோ வெளிப்பட்டால் உடனே அரசு அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். முன்னோர் ஒருவர் நம்பிக்கையுடன் பூமியிடம் ஒப்படைத்ததை வணிகனிடம் ஒப்படைப்பது நம்பிக்கைத் துரோகமாகும்.

மூன்றாவது, வீட்டுச் செல்வம். பரணில் கிடக்கும் ஓலைச்சுவடி, பழைய ஸாளக்ராமப் பெட்டி, தஞ்சாவூர்ப் படம், பாட்டனார் ஆராதித்த சிறு விக்கிரஹம் ஆகியவற்றைப் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. லண்டன் ஏலக்காரரைக் குறை கூறுமுன், வீட்டு வாசலில் தராசு தூக்கி நடக்கும் ஏலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காக்க இயலாதவர்கள் மடங்களிடமோ, சுவடி நூலகங்களிடமோ, திருக்கோயிலிடமோ முறைப்படி சேர்ப்பிக்கலாம்.

நான்காவதும் முடிவானதும், ஸேவை. உற்சவத்துக்குப் பெரிய கோயிலை நாடி வரும் ஸேவார்த்திகள், திரும்பும் வழியில் தங்கள் சொந்த ஊர்க் கோயிலின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாக. ஒரு நாழி எண்ணெயும், ஒரு பிடி அரிசியும், வாரம் ஒரு முறை ஸேவிக்கும் வழக்கமும் அங்கே பெருங்காவலாகும். நாள்தோறும் பெருமாளைக் கண்டு பழகிய கண்கள் ஊரில் பத்து இருந்தால், போலித் திருமேனியை வைத்து ஏமாற்ற எவனாலும் இயலாது. களவு நடந்த மறுநாளே ஊர் அறியும். அறுபது ஆண்டுகள் கழித்து அயல் நாட்டார் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வராது. நம்பெருமாளைக் காட்டிக் கொடுத்த கிழவருக்குச் சாஸ்திரப் பயிற்சி இல்லை, பதவி இல்லை, பார்வையும் இல்லை. அவரிடம் இருந்தது நித்திய கைங்கரியத்தால் வந்த பரிச்சயம் ஒன்றே. அப்பரிச்சயம் ஊர்தோறும் வளர, வெற்றுப் பீடங்கள் நிறைய, எம்பெருமான் திருவருள் புரிவானாக.

சுபம்